இரண்டு பெரிய பல்கலைக்கழகங்கள் இடம் கொடுத்தால்: பெயர், தரவரிசை, செலவு மூன்றையும் எடைபோடும் முறை

ஒரே இடத்தில் அட்மிஷன் கிடைத்தவருக்குக் குழப்பமே இல்லை. இரண்டு மூன்று கிடைத்தவர்தான் தூக்கம் கெட்டு அலைகிறார். அதிலும் ஒன்று உலகமே அறிந்த பெயர், இன்னொன்று பாதிச் செலவில் முடியும் என்றால் வீட்டில் ஆளுக்கொரு கட்சி கட்டிவிடுவார்கள். அந்த நிலையில் இருப்பவர்களுக்கும், இன்னும் விண்ணப்பிக்காமல் பட்டியல் போட்டுக்கொண்டிருப்பவர்களுக்கும் இந்த வழிகாட்டி. அமெரிக்கா, பிரிட்டன் ஆகிய இரண்டு நாடுகளின் இளநிலைப் படிப்பைத்தான் முக்கியமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதுகலைக்கும் பிஎச்.டி.க்கும் கணக்கு வேறு; அதற்குத் தனிப் பகுதி இருக்கிறது.

கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். பணக் கணக்கை முடித்துவிட்டுத்தான் பெயரைப் பற்றிப் பேச வேண்டும். பேச்சைப் பெயரில் ஆரம்பித்தால், கணக்கு அந்தப் பெயருக்கு ஏற்ற மாதிரி வளைந்துவிடும்.

1. தேதிகளை ஒரே தாளில் எழுதுங்கள்

அமெரிக்காவில் வழக்கமான சுற்றின் முடிவுகள் மார்ச் கடைசியில் வரும். ஹார்வர்ட், யேல் உள்ளிட்ட ஐவி லீக்கின் எட்டுப் பல்கலைக்கழகங்களும் ஒரே நாள் மாலையில் வெளியிடும். பதில் சொல்லக் கடைசி நாள் பெரும்பாலும் மே 1. ஆக, ஒப்பிட்டுப் பார்க்க உங்களுக்கு இருப்பது ஏறத்தாழ ஒரு மாதம். உதவித்தொகையைக் கூட்டித் தரச் சொல்லிக் கேட்டு, அதற்குப் பதில் வருவதும் இதற்குள்தான்.

'எர்லி டிசிஷன்' என்ற முன்சுற்று உங்களைக் கட்டிப்போடும். இடம் கிடைத்தால் மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற்றாக வேண்டும். கொடுத்த உதவித்தொகை போதவில்லை என்று காட்டி வெளியே வர வழி உண்டு. ஆனால் நான்கு இடங்களின் உதவித்தொகைக் கடிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு போய்விடும். செலவு ஒரு பொருட்டு என்றால் இந்தச் சுற்றைத் தவிர்ப்பதே நல்லது. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்ட் ஆகியவை வைத்திருக்கும் 'ரெஸ்ட்ரிக்டிவ் எர்லி ஆக்‌ஷன்' வேறு வகை. அங்கே இடம் கிடைத்தாலும் மே 1 வரை யோசிக்கலாம்.

பிரிட்டனில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் விண்ணப்பக் கடைசி நாள் அக்டோபர் 15. இளநிலைக்கு ஒரே ஆண்டில் இரண்டுக்கும் விண்ணப்பிக்க முடியாது என்பதால், அந்தத் தேர்வை ஆஃபர் வருவதற்கு முன்பே செய்தாக வேண்டும். ஆஃபர்கள் வந்தபின், பிரிட்டனின் பொது விண்ணப்பத் தளமான யூகாஸில் ஒன்றை 'ஃபர்ம்' என்றும், மதிப்பெண் குறைந்தால் போக வேண்டிய இன்னொன்றை 'இன்ஷூரன்ஸ்' என்றும் குறிக்கிறீர்கள். முதல் இடத்தின் நிபந்தனை நிறைவேறிவிட்டால் இரண்டாவது தானாகவே கழன்றுகொள்ளும்.

2. உங்களுக்கு உதவி கிடைக்கும் வாசல் எது என்று பாருங்கள்

ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, டார்ட்மத், ஆம்ஹர்ஸ்ட், போடன் ஆகியவை வெளிநாட்டு மாணவர்களுக்கும் 'நீட் பிளைண்ட்'. பணம் கட்டும் வசதி இருக்கிறதா என்று பார்க்காமல் தேர்வு செய்து, கணக்கிட்ட தேவை முழுவதையும் ஈடுகட்டுகின்றன. பிரவுனும் 2025-ல் சேர்ந்தவர்களிலிருந்து இந்த வரிசைக்கு வந்தது. ஸ்டான்ஃபோர்ட், பென்சில்வேனியா, கொலம்பியா, கார்னெல் ஆகியவை வெளிநாட்டு மாணவர்கள் விஷயத்தில் 'நீட் அவேர்': நீங்கள் உதவி கேட்பது தேர்விலேயே கணக்கில் வரும்.

இங்கே பலர் விழும் பள்ளம் ஒன்று உண்டு. உதவி கேட்டால் இடம் கிடைக்காதோ என்று பயந்து, "வேண்டாம்" என்று குறித்துவிட்டுச் சேர்ந்தபின் கேட்கலாம் என நினைப்பது. ஸ்டான்ஃபோர்ட் போன்ற இடங்களில், விண்ணப்பிக்கும்போது உதவி கேட்காத வெளிநாட்டு மாணவர் நான்கு ஆண்டும் கேட்க முடியாது.

ஐவி லீக்கில் மதிப்பெண்ணுக்கோ விளையாட்டுக்கோ ஸ்காலர்ஷிப் கிடையாது. குடும்பத் தேவையைப் பார்த்துத்தான் உதவி. தகுதி அடிப்படையில் பெரிய தொகை வேண்டுமென்றால் வாண்டர்பில்ட், டியூக், யுஎஸ்சி (தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) போன்ற இடங்களைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். பெர்க்லி, யுசிஎல்ஏ போன்ற கலிஃபோர்னிய அரசுப் பல்கலைக்கழகங்கள் வெளியூர்க்காரருக்கு நேர்மாறு. வழக்கமான கட்டணத்தின் மேல் ஆண்டுக்கு 34,000 டாலருக்கும் அதிகமான கூடுதல் கட்டணம், உதவியும் சொற்பம். அரசுப் பல்கலைக்கழகம் என்றால் மலிவு என்ற எண்ணம் அங்கே கையைச் சுடும்.

3. நான்கு ஆண்டின் முழுச் செலவைப் போடுங்கள்

பல்கலைக்கழகத் தளத்தில் ட்யூஷன் என்று தனியாகக் காணும் எண்ணை வைத்து ஒப்பிடாதீர்கள். 'காஸ்ட் ஆஃப் அட்டெண்டன்ஸ்' என்ற மொத்தத்தை எடுங்கள். ஹார்வர்டில் 2024-25-ல் ட்யூஷன் மட்டும் 56,550 டாலர்; விடுதி, சாப்பாடு, இதரக் கட்டணம் சேர்ந்தால் 82,866 டாலர். இடைவெளி 26,000-க்கு மேல்.

அந்த மொத்தத்திலும் எல்லாம் இருக்காது. எக்செல் தாளில் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு பத்தி போட்டு, இந்த வரிகளை நீங்களே நிரப்புங்கள்:

- ட்யூஷன், கட்டாயக் கட்டணங்கள்
- விடுதி, சாப்பாடு (விடுமுறையில் விடுதி மூடினால் தங்கும் செலவு தனி)
- மருத்துவக் காப்பீடு. பல இடங்களில் இது மொத்தச் செலவுக்குள் வராது. ஆண்டுக்குச் சில ஆயிரம் டாலர்
- புத்தகம், லேப்டாப், குளிர்கால உடை
- போக்குவரத்து: ஆண்டுக்கு ஒரு முறை ஊருக்குப் போய்வர விமான டிக்கெட்
- விசா, சேவிஸ் (அமெரிக்க அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவு) கட்டணங்கள்

பிறகு நான்கால் பெருக்காதீர்கள். கட்டணம் ஆண்டுதோறும் ஏறும். முதல் ஆண்டு 85,000 டாலர், ஆண்டுக்கு 4 சதவீத ஏற்றம் என்று வைத்தால் வரிசையாக 85,000, 88,400, 91,936, 95,613. மொத்தம் 3,60,949. நான்கால் பெருக்கினால் வருவது 3,40,000 மட்டுமே. அந்த 20,949 டாலர் அடுத்தடுத்த ஆண்டுகளில் தலையில் வந்து விழும்போது எங்கிருந்து புரட்டுவது என்று தெரியாமல் நிற்பவர்கள் பலர்.

பிரிட்டனில் பெரும்பாலான படிப்புகள் மூன்று ஆண்டு. ஒரு ஆண்டின் விடுதிச் செலவும் கட்டணமும் மிச்சம், ஒரு ஆண்டு முன்னதாகச் சம்பளம். ஆண்டுக் கட்டணத்தை மட்டும் ஒப்பிட்டால் இது கண்ணில் படாது. கேம்பிரிட்ஜில் வெளிநாட்டு மாணவர்கள் பல்கலைக்கழகக் கட்டணத்துக்கு மேல் காலேஜ் கட்டணமும் தனியாகக் கட்ட வேண்டும். காலேஜுக்குக் காலேஜ் அது மாறும். சேர்ந்தபின் கட்டணம் நிலையாக இருக்குமா, ஆண்டுதோறும் கூடுமா என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

4. உதவித்தொகைக் கடிதத்தை வரி வரியாகப் பிரியுங்கள்

கடிதத்தின் மேலே பெரிய எழுத்தில் ஒரு தொகை இருக்கும். அதை நம்பி இனிப்பு வாங்காதீர்கள். உள்ளே மூன்று வகைப் பணம் கலந்திருக்கும்.

கிராண்ட், ஸ்காலர்ஷிப்: திருப்பித் தர வேண்டாம். உண்மையான உதவி இது மட்டும்தான்.

லோன்: பெயர் 'உதவி' என்றாலும் உங்கள் கடன். செலவிலிருந்து இதைக் கழிக்காதீர்கள்.

வேலை: 'ஸ்டூடண்ட் எம்ப்ளாய்மெண்ட்' என்றோ 'வொர்க்-ஸ்டடி' என்றோ போட்டிருக்கும் தொகை முதல் நாள் கட்டணத்தில் கழியாது. வேலை தேடி, வாரா வாரம் உழைத்து வாங்கும் கூலி அது. எஃப்-1 என்ற அமெரிக்க மாணவர் விசாவில் இருப்பவர் பாடம் நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம்.

முழுச் செலவிலிருந்து கிராண்டை மட்டும் கழித்தால் வருவதே உங்கள் நிகரச் செலவு. இனி எல்லா ஒப்பீடும் இந்த எண்ணில்தான்.

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உதவி அலுவலகத்திடம் எழுத்தில் கேட்க வேண்டியவை: கிராண்ட் நான்கு ஆண்டும் தொடருமா? கட்டணம் ஏறும்போது கிராண்டும் ஏறுமா, அதே தொகையில் நிற்குமா? குறைந்தபட்ச ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) நிபந்தனை உண்டா? வெளியிலிருந்து ஸ்காலர்ஷிப் வாங்கினால் எதிலிருந்து கழிப்பீர்கள்? கடைசிக் கேள்வி முக்கியம். வெளி ஸ்காலர்ஷிப் 10,000 டாலர் கிடைத்தால் பல்கலைக்கழகம் தன் கிராண்டில் ஒரு பகுதியைக் குறைத்துவிடும் இடங்கள் நிறைய. உங்கள் கையில் நிற்கும் லாபம் சிறியதாக இருக்கலாம்.

யாரும் முன்கூட்டியே சொல்லாத ஒன்று வரி. எஃப்-1 விசாவில் இருக்கும் வெளிநாட்டு மாணவருக்கு, ட்யூஷனுக்குப் போகும் கிராண்டுக்கு அமெரிக்க வரி இல்லை. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் போகும் பகுதிக்கு 14 சதவீதம் பிடித்தம் உண்டு. உங்கள் நாட்டோடு உள்ள வரி ஒப்பந்தம் விலக்குக் கொடுத்தால் தவிர. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் 25,000 டாலர் கிராண்ட் வந்தால் 3,500 டாலர் வரி. 'முழு உதவி' வாங்கியவருக்கே அதிகம் விழும் செலவு இது; மாணவர் கணக்கில் திடீரென்று பாக்கியாக வந்து நிற்கும்.

5. கடன் என்றால் மாதத் தவணை வரை போங்கள்

ஆண்டுக்கு 25,000 டாலர், 10 சதவீத வட்டி, நான்கு ஆண்டு என்று வையுங்கள். முதல் ஆண்டுக் கடனுக்கு நான்கு ஆண்டு வட்டி, இரண்டாவதுக்கு மூன்று, மூன்றாவதுக்கு இரண்டு, கடைசிக்கு ஒன்று. கூட்டு வட்டி போடாமலே, பட்டம் வாங்கும் நாளில் 1,00,000 அசலும் 25,000 வட்டியும் நிற்கும். அந்த 1,25,000-ஐப் பத்து ஆண்டில் அடைத்தால் மாதம் ஏறத்தாழ 1,652 டாலர். மொத்தம் கட்டுவது 1,98,000-ஐத் தாண்டும். ஒரு லட்சம் வாங்கி இரண்டு லட்சம் கட்டுகிறீர்கள்.

அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்களுக்கு முதலில் அரசு உதவிக்கு விண்ணப்பிக்கும் ஃபாஃப்சா படிவம், அது இலவசம். பெற்றோரைச் சார்ந்திருக்கும் இளநிலை மாணவருக்கு மத்திய அரசுக் கடன் முதல் ஆண்டு 5,500 டாலர், பிறகு 6,500, அடுத்த இரண்டு ஆண்டும் 7,500 என்பதே உச்சம். நான்கு ஆண்டும் சேர்த்தால் 27,000. 2025-ல் வந்த சட்டத்தின்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்கும் பெற்றோருக்கான பிளஸ் கடனுக்கும் ஆண்டுக்கு 20,000, ஒரு பிள்ளைக்கு மொத்தம் 65,000 என்று வரம்பு வந்துவிட்டது. பற்றாக்குறையை அரசுக் கடனால் அடைத்துக்கொள்ளலாம் என்ற பழைய ஆலோசனை இனி செல்லாது.

6. தரவரிசையைக் கழற்றிப் பாருங்கள்

தரவரிசை எண்ணைப் பார்க்காதீர்கள் என்று சொல்லமாட்டேன். அது எதனால் ஆனது என்று தெரிந்துகொண்டு பாருங்கள்.

க்யூஎஸ் என்ற உலகத் தரவரிசைப் பட்டியலில் 30 சதவீதம் பேராசிரியர்களிடம் எடுக்கும் நற்பெயர்க் கணக்கெடுப்பு, 15 சதவீதம் வேலை கொடுப்போரிடம் எடுப்பது. ஏறத்தாழ பாதி, "நாலு பேர் என்ன நினைக்கிறார்கள்" என்பதற்கே போகிறது. இன்னொரு உலகப் பட்டியலான ஷாங்காய் பட்டியலில் நோபல், ஃபீல்ட்ஸ் பரிசு பெற்ற முன்னாள் மாணவர்களுக்கு 10 சதவீதம், பரிசு பெற்ற ஆசிரியர்களுக்கு 20. நேச்சர், சயன்ஸ் இதழ்களில் வரும் கட்டுரைகளுக்கு இன்னொரு 20. முதலாண்டு மாணவருக்கு யார் பாடம் எடுக்கிறார், வகுப்பில் எத்தனை பேர் என்பதற்கு அங்கே இடமே இல்லை. டைம்ஸ் ஹையர் எஜுகேஷன் பட்டியல் கற்பித்தலுக்கு 29.5 சதவீதம் கொடுக்கிறது. அதிலும் கணிசமான பகுதி நற்பெயர்க் கணக்கெடுப்பு.

முறை மாறினால் இடமும் மாறும். க்யூஎஸ் தன் 2024 பதிப்பில் எடைகளை மாற்றியது: ஆசிரியர்-மாணவர் விகிதத்துக்கு இருந்த 20 சதவீதத்தை 10 ஆக்கியது, வேறு அளவைகளைச் சேர்த்தது. பெர்க்லி 27-லிருந்து 10-க்குத் தாவியது. ஓராண்டுக்குள் அந்த வளாகத்தில் பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை.

தரவும் எப்போதும் சுத்தமில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்தும் யுஎஸ் நியூஸ் பட்டியலின் 2022 பதிப்பில் கொலம்பியா இரண்டாம் இடத்தில் இருந்தது. அங்கேயே கணிதப் பேராசிரியரான மைக்கேல் தாடியஸ், பல்கலைக்கழகம் கொடுத்த வகுப்பு அளவு போன்ற புள்ளிவிவரங்கள் சரியில்லை என்று 2022 பிப்ரவரியில் விரிவாக எழுதினார். அடுத்த பதிப்பில் கொலம்பியா 18-ஆம் இடம். அதன்பின் அந்த இளநிலைப் பட்டியலுக்குத் தரவு கொடுப்பதையே பல்கலைக்கழகம் நிறுத்திக்கொண்டது.

இன்னொரு வேடிக்கை: டார்ட்மத் அமெரிக்கப் பட்டியலில் முதல் இருபதுக்குள் வரும், க்யூஎஸ் உலகப் பட்டியலில் 200-க்கும் பின்னால் நிற்கும். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் க்யூஎஸ் 2025-ல் 50-ஆம் இடம். அதே 2025-க்கான டைம்ஸ், சண்டே டைம்ஸ் பிரிட்டன் வழிகாட்டியில் முதலிடம். மருத்துவம், அறிவியல், பெரிய ஆய்வுக்கூடம் இவை இருக்கும் பெரிய நிறுவனங்களுக்கு உலகப் பட்டியல்கள் சாதகம். இளநிலை மாணவரைக் கவனிக்கும் சிறிய இடமோ, ஒரே துறையில் நிற்கும் இடமோ அங்கே கீழே போய்விடும்.

ஆகவே 8-ஆம் இடத்துக்கும் 15-ஆம் இடத்துக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தைச் சுழி என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஷாங்காய் பட்டியல் 100-க்கு மேல் தனி இடமே கொடுப்பதில்லை. 101-150 என்று கூட்டமாகப் போட்டுவிடுகிறது. முதல் நூறுக்குள்ளும் நீங்கள் அப்படியே கட்டிப் படிக்கலாம்.

எண் நிஜமாகவே முக்கியமாகும் இடம் ஒன்று உண்டு: அரசாங்க விதியில் அது எழுதப்பட்டிருந்தால். பிரிட்டனின் 'ஹை பொட்டன்ஷியல் இண்டிவிஜுவல்' விசா மூன்று உலகப் பட்டியல்களை வைத்துத் தகுதிப் பல்கலைக்கழகங்களை ஆண்டுதோறும் அறிவிக்கிறது. நீங்கள் பட்டம் வாங்கும் ஆண்டின் பட்டியலில் உங்கள் பல்கலைக்கழகம் இருக்க வேண்டும். நெதர்லாந்தில் வேலை தேடும் ஆண்டுக்கான அனுமதிக்கும் முதல் 200 என்ற கணக்கு இருக்கிறது. உங்கள் நாட்டு அரசு ஸ்காலர்ஷிப்புக்கும் இப்படி ஒரு வரம்பு இருக்கலாம். அப்படி இருந்தால் அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்பது மட்டுமே கேள்வி.

7. பல்கலைக்கழகத்தை விட்டு, துறைக்குள் இறங்குங்கள்

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் பெயரோடு 'காமன் டேட்டா செட்' என்று தேடுங்கள். பெரும்பாலானவை ஒவ்வோர் ஆண்டும் வெளியிடும் ஒரே வடிவிலான ஆவணம் அது. பகுதி பி-யில் எத்தனை சதவீதம் பேர் பட்டம் முடிக்கிறார்கள் என்று இருக்கும். பகுதி எச்-இல் உதவித்தொகை. அதிலேயே எச்6 வெளிநாட்டு மாணவர்களுக்கு எத்தனை பேருக்கு, சராசரி எவ்வளவு என்று சொல்லும். பகுதி ஐ-யில் 20 பேருக்குக் கீழ், 100 பேருக்கு மேல் என்று வகுப்புகளின் எண்ணிக்கை. விளம்பரப் பக்கத்தில் இல்லாத உண்மையெல்லாம் இங்கேதான் கிடக்கிறது.

சம்பளத்துக்கு அமெரிக்கக் கல்வித் துறையின் 'காலேஜ் ஸ்கோர்கார்டு' படிப்பு வாரியாக இடைநிலை வருமானம் காட்டும். அது மத்திய அரசு உதவி வாங்கியவர்களின் கணக்கு. வெளிநாட்டு மாணவர் அதில் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். பிரிட்டனுக்கு 'டிஸ்கவர் யூனி' தளம்.

அடுத்து, கேட்ட பாடம் உறுதியா என்று பாருங்கள். பெர்க்லி, வாஷிங்டன் பல்கலைக்கழகம், இல்லினாய் அர்பானா-சாம்பெய்ன் ஆகிய இடங்களில் கணினி அறிவியலில் நேரடியாக இடம் கிடைக்காமல் வேறு பாடத்தில் சேர்ந்துவிட்டு "உள்ளே போய் மாறிக்கொள்ளலாம்" என்று நினைப்பது பெரிய சூதாட்டம். பெயரில் சற்றுக் குறைந்த இடம் நேரடியாக அந்தப் பாடத்தைக் கொடுத்திருந்தால், எனக்கு அதில் தயக்கமே இல்லை: பாடம் கொடுத்த இடம்தான்.

அமெரிக்காவில் படித்தபின் வேலை செய்ய நினைப்பவர் சிஐபி குறியீட்டையும் (படிப்பின் வகையைக் குறிக்கும் எண்) பார்க்க வேண்டும். எஃப்-1 மாணவருக்குப் பட்டத்துக்குப்பின் 12 மாத வேலை அனுமதி. ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ள படிப்பு என்றால் இன்னும் 24 மாதம். பொருளாதாரம் 45.0601 என்று பதிவாகியிருந்தால் ஸ்டெம் இல்லை. 45.0603, அதாவது எகனாமெட்ரிக்ஸ் வகை என்றால் ஸ்டெம். இரண்டு பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ ஒரே பாடத்திட்டம், ஒன்றில் ஓராண்டு, மற்றதில் மூன்றாண்டு. விசாவுக்காகப் பல்கலைக்கழகம் கொடுக்கும் ஐ-20 படிவத்தில் இந்தக் குறியீடு அச்சாகி வரும். அதுவரை காத்திருக்காமல் துறை அலுவலகத்திடம் இப்போதே கேளுங்கள்.

8. பெயருக்கு ஒரு விலை போடுங்கள்

இப்போது பெயரைப் பேசலாம். பெயர்பெற்ற இடத்தின் நிகரச் செலவு ஆண்டுக்கு 45,000 டாலர், மற்றது 20,000 என்று வையுங்கள். வித்தியாசம் 25,000. அதைக் கடனில் அடைத்தால், ஐந்தாம் பகுதியில் போட்ட அதே கணக்கு: மாதம் 1,652 டாலர், பத்து ஆண்டு. அதுதான் அந்தப் பெயரின் விலை. வரி போக ஆண்டுக்கு ஏறத்தாழ 19,800 டாலர் கூடுதலாகச் சம்பாதித்தால்தான் அது சமன் ஆகும். கடன் இல்லாமல் சேமிப்பிலிருந்து கொடுத்தாலும் விலை இருக்கிறது. தவணை மட்டும்தான் இல்லை.

பெயர் அந்த அளவு சம்பாதித்துக் கொடுக்குமா? ஆய்வுகள் சொல்வது சுவாரஸ்யமானது. ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் 2002-ல் வெளியிட்ட ஆய்வு ஒரே மாதிரி இடங்களில் அட்மிஷன் கிடைத்தவர்களை ஒப்பிட்டது. பெரிய இடத்துக்குப் போனவருக்கும், அங்கே கிடைத்தும் வேறிடம் போனவருக்கும் சராசரி வருமானத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் பெரிய இடம் பலன் கொடுத்தது. ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மேன் 2023-ல் செய்த ஆய்விலும் சராசரி வருமானத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஆனால் மிக உச்சியில் இருக்கிறது: முதல் ஒரு சதவீத வருமானத்தை எட்டும் வாய்ப்பு கூடுகிறது, தலைசிறந்த மேற்படிப்பு இடங்களுக்குப் போகும் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது, பெயர்பெற்ற நிறுவனங்களில் சேரும் வாய்ப்பு மூன்று மடங்காகிறது.

நடைமுறையில் இதன் பொருள், நீங்கள் எந்தத் தொழிலுக்குப் போகிறீர்கள் என்பதே விடை. முதலீட்டு வங்கி, மேலாண்மை ஆலோசனை ஆகிய துறைகள் சில வளாகங்களுக்கு மட்டும் வந்து ஆள் எடுக்கும். அங்கே பெயர் வாசல் திறக்கும். பொறியியல், செவிலியர், ஆசிரியர் பணி என்றால் உரிமமும் திறமையும்தான் பேசும். மருத்துவம் படிக்கும் எண்ணத்தோடு இளநிலைக்குப் போகிறவர் பணத்தை மருத்துவக் கல்லூரிக்குச் சேர்த்துவைப்பது புத்திசாலித்தனம், ஏனென்றால் பெரிய பில் அப்போதுதான் வரும். என்ன செய்யப்போகிறோம் என்றே தெரியாத பதினெட்டு வயதுக்காரருக்கு? கடன் குறைவான இடம். கடன் இல்லாதவர் பிறகு மனம் மாறலாம்.

9. கூட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள்

இதைக் கேட்க வெட்கப்படுகிறவர்கள் அதிகம். கடிதம் வந்த வாரத்திலேயே கேட்க வேண்டும். ஏப்ரல் கடைசியில் கேட்டால் பணமும் இருக்காது, பதிலும் வராது. அட்மிஷன் அலுவலகத்துக்கு எழுதாதீர்கள். ஃபைனான்ஷியல் எய்ட் அலுவலகம். ஒரு பக்கம் போதும். புதிய தகவல் இருக்க வேண்டும்: வேலை இழப்பு, மருத்துவச் செலவு, நாணய மதிப்புச் சரிவு, உதவிக்கு விண்ணப்பித்த சிஎஸ்எஸ் புரொஃபைல் படிவத்தில் விட்டுப்போன கடன். ஒவ்வொன்றுக்கும் ஆவணம் இணையுங்கள். ஆங்கிலத்தில் இல்லாதவற்றுக்கு மொழிபெயர்ப்பும் வேண்டும்.

போட்டிக் கடிதத்தைக் காட்டலாம். ஆனால் ஒத்த இடத்தின் தேவை அடிப்படையிலான உதவிக்கே எடை. ஐவி லீக் இடத்துக்கு வேறொரு பல்கலைக்கழகத்தின் தகுதி ஸ்காலர்ஷிப்பைக் காட்டிப் பயனில்லை. அவர்கள் அதைக் கொடுப்பதே இல்லை.

10. முதுகலை, பிஎச்.டி. என்றால்

முதுகலையில் உதவி குறைவு, பெயரை வைத்துப் பணம் பண்ணும் படிப்புகள் அதிகம். செலவுக்கும் பெயருக்கும் தொடர்பே இல்லாத இடங்களும் உண்டு: சூரிக்கின் இடிஹெச் வெளிநாட்டு மாணவர் கட்டணத்தை 2025 இலையுதிர் பருவத்திலிருந்து மூன்று மடங்காக்கியது, அப்படியும் அது செமஸ்டருக்கு 2,190 ஃபிராங்குதான். (சூரிக்கில் வாடகை கட்டணத்தை விழுங்கிவிடும், அதையும் தாளில் எழுதுங்கள்.) மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களுக்கு முதுகலைக் கட்டணம் செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ. சிங்கப்பூரில் இளநிலைக்கு அரசு ட்யூஷன் கிராண்ட் வாங்கும் வெளிநாட்டு மாணவர், முடித்தபின் மூன்றாண்டு சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை செய்யக் கையெழுத்திடுகிறார். அதுவும் ஒரு செலவுதான்.

பிஎச்.டி.க்கு ஒரே விதி: உதவித்தொகை இல்லாத ஆஃபர் ஆஃபரே இல்லை. பல்கலைக்கழகத்தின் இடத்தைவிட வழிகாட்டிப் பேராசிரியர், அவருடைய மாணவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், பிறகு எங்கே போனார்கள் என்பதைப் பாருங்கள். பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் மேற்படிப்பில் உதவியோடு கூடிய ஆஃபருக்கு ஏப்ரல் 15 வரை பதில் கேட்டு நெருக்கக் கூடாது என்ற பொது உடன்பாட்டில் கையெழுத்திட்டிருக்கின்றன. அதற்கு முன் மிரட்டினால் அந்த உடன்பாட்டை மேற்கோள் காட்டுங்கள்.

11. ஒப்புதல், முன்பணம், விசா

ஓரிடத்தில் மட்டும் முன்பணம் கட்டுங்கள். இரண்டில் கட்டி இழுத்தடிப்பது தெரிந்தால் இரண்டு இடமுமே ரத்து செய்யலாம். கட்டிய முன்பணம் பொதுவாகத் திரும்ப வராது. வெயிட்லிஸ்ட்டில் இருந்தால் முதலில் வேறிடத்தில் இடத்தை உறுதி செய்யுங்கள். வெயிட்லிஸ்ட்டிலிருந்து கூப்பிடும்போது உதவித்தொகை மிச்சமிருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அமெரிக்காவுக்கு: முதல் ஆண்டுச் செலவுக்கான பண ஆதாரம் காட்டினால் ஐ-20 வரும். பிறகு சேவிஸ் கட்டணம் 350 டாலர், டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவம், விசாக் கட்டணம் 185 டாலர், நேர்காணல். நேர்காணல் தேதி கிடைப்பதுதான் தாமதம், ஆகவே ஐ-20 கைக்கு வந்த அன்றே தேதி தேடுங்கள். படிப்பு தொடங்க 30 நாளுக்கு முன்னால் நாட்டுக்குள் விடமாட்டார்கள்.

பிரிட்டனுக்கு: பல்கலைக்கழகம் சேர்க்கையை உறுதிசெய்யும் காஸ் எண் கொடுத்தபின், படிப்பு தொடங்க ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்கலாம். மாணவர் விசாவுக்கான மருத்துவக் கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு. விசாக் காலம் முழுவதற்கும் மொத்தமாக முன்கூட்டியே கட்ட வேண்டும் என்பதால் மூன்றாண்டுப் படிப்புக்கு 2,500 பவுண்டைத் தாண்டிவிடும். பண ஆதாரத்தில்தான் நிறையப் பேருக்கு மறுப்பு வருகிறது. கட்டணப் பாக்கியும், அதிகபட்சம் ஒன்பது மாதத்துக்கான வாழ்க்கைச் செலவும் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். ஒரே ஒரு நாள் இருப்பு குறைந்தாலும் எண்ணிக்கை மறுபடி முதல் நாளிலிருந்து. வங்கி அறிக்கையின் கடைசித் தேதி விண்ணப்பிக்கும் நாளிலிருந்து 31 நாளுக்கு உள்ளே இருக்க வேண்டும். அங்கீகாரம் உள்ள நிறுவனத்தின் கல்விக் கடன் கடிதம் காட்டினால் 28 நாள் விதி பொருந்தாது. அந்தக் கடிதம் விண்ணப்பத்துக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் தேதியிட்டதாக இருந்தால் சரி.